ஸ்யாமளாவின் பிசிறு

மதுரையில் அந்த நாளில் கச்சேரி கேட்கப் போனவர்கள் எல்லாருக்கும் தந்தி ஆபீஸ் ஹாலாஸ்யத்தைத் தெரியும். மூன்றாவது வரிசை, இடது ஓரத்து நாற்காலி. கஞ்சி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சுருதிக் குழல். பாடுகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே இவர் தம்பூராவைக் கேட்டு முடித்திருப்பார். அது இம்மி விலகியிருந்தாலும் பொறுக்காது. இரண்டாவது உருப்படிக்குள் சரியாகாவிட்டால் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நடுவழியாகவே வெளியே போய்விடுவார். ஓரமாகவும் வழி உண்டு. அந்த வழியாகப் போகமாட்டார். அவர் எழுந்துவிடப் போகிறாரே என்று சபாக்காரர்களே பயந்தார்கள். சுருதி ஹாலாஸ்யம் என்று பேரே ஆகிவிட்டது.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரே மகளாகப் பிறந்து, பாடவும் ஆசைப்பட்டாள் ஸ்யாமளா. வடக்கு ஆவணி மூல வீதியில் ஒண்டுக் குடித்தனமாக இருந்த வாடகை வீட்டில், விடிவதற்கு முன் எழுந்து சாதகம் பண்ணுவாள். எட்டு வயதில் ஆரம்பித்தது, பத்தொன்பது வயது வரைக்கும் ஒரு நாள் நின்றதில்லை. காய்ச்சலாகப் படுத்திருந்தால்கூட வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுத்தான் கஞ்சி குடிப்பாள். பாட்டு வாத்தியார் வாரத்தில் மூன்று நாள் வந்து போனார். ஆனால் அசல் வாத்தியார், முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டே “ம்ஹூம்” என்று ஒரு சத்தம் கொடுக்கும் அப்பாதான். அந்த “ம்ஹூம்” வராத நாள் அவளுக்குத் தீபாவளி மாதிரி.

எழுபத்தொன்றாம் வருஷம் திருச்சி வானொலியிலிருந்து குரல் தேர்வுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. வாத்தியார் சொல்லி அவளாக எழுதிப் போட்டதற்கு வந்த பதில். கடிதத்தை அப்பாவிடம் காட்டியபோது அவர் சந்தோஷப்பட்டதாகவும் தெரியவில்லை, கோபப்பட்டதாகவும் தெரியவில்லை. தன் குரலைத் தானே கேட்டால்தான் குறை தெரியும் என்றார். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் அப்போதுதான் பழைய ஸ்பூல் டேப் ரிக்கார்டர் ஒன்று வாங்கியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளை உட்காரவைத்துக் கல்யாணி பாடச்சொல்லிப் பதிந்தார். பிறகு போட்டுக் காட்டினார். மேல் பஞ்சமத்துக்கு ஏறுகிற இடத்தில் நிறுத்தினார். பின்னால் ஓட்டி அதே இடத்தை மறுபடி போட்டார். மூன்று தரம் போட்டார்.

“கேட்டியா? மேலே போறச்சே பிசிறு தட்டறது” என்றார்.

துணியின் ஓரத்தில் நூல் பிரிந்து நிற்குமே, அதுதான் பிசிறு. ஸ்யாமளாவுக்குக் கேட்டது. ஒரே குரலாக ஏறி வருவது அந்த இடத்துக்கு வந்ததும் இரண்டாகப் பிளந்து, ஒரு குரலும் அதோடு கரகரவென்று இன்னொரு கீற்றுமாகப் போனது. இத்தனை நாளும் இது தெரியாமலா நாலு பேர் முன்னால் பாடினோம் என்று அவளுக்கு உடம்பு கூசிப்போயிற்று. திருச்சிக்குப் போகட்டுமா என்று கேட்டாள். போவதும் போகாததும் உன் இஷ்டம், ஆனால் அங்கே உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கும் காது இருக்கும் என்றார் அப்பா.

அவள் போகவில்லை. போகாததோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை, பாடுவதையே விட்டுவிட்டாள். வாத்தியாருக்குத் தேங்காய் பழம் வைத்துக் கொடுத்து நமஸ்காரம் பண்ணி அனுப்பியாயிற்று. இரண்டு வருஷம் கழித்து ஒத்தக்கடையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், பெண்ணுக்குப் பாட வரும் என்று கேள்விப்பட்டோமே, ஒன்று பாடட்டும் என்றார்கள். “எனக்குப் பாட வராது” என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். பஜ்ஜி எடுத்து வந்த அம்மா தர்மாம்பாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மாப்பிள்ளை சிவசங்கரன் காலேஜ் ஆபீஸில் வேலை. அவருக்குப் பாட்டாவது கீட்டாவது, பெண் பிடித்திருந்தது, கல்யாணம் நடந்தது. நவராத்திரியில் யாராவது பாடச்சொன்னால் சுண்டல் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விடுவாள். பிறந்த இரண்டு குழந்தைகளையும் முதுகில் தட்டித்தான் தூங்கவைத்தாள். தாலாட்டுக்குக்கூட வாய் திறக்கவில்லை.

இதற்காக அவள் அப்பாவை ஒரு நாளும் நொந்துகொண்டதில்லை என்பதுதான் விஷயம். கேட்கிறவர்களெல்லாம் பேஷ் பேஷ் என்று கெடுத்துவைக்கிற ஊரில், உள்ளதை உள்ளபடி சொன்னவர் அவர் ஒருவர்தான் என்று நன்றியோடு இருந்தாள். அப்பாவின் காது பொய் சொல்லாது. பாட்டு போனாலும் அந்த நம்பிக்கை அவளிடம் மிஞ்சியிருந்தது. பன்னிரண்டு வருஷம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

ஹாலாஸ்யத்துக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ரேடியோ. வெளியூர், வெளிநாட்டு நிலையங்களைத் தேடிப்பிடித்துக் கேட்பார். எந்த நிலையம் எத்தனை மணிக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று கடிதம் எழுதுவார். அங்கிருந்து படம் போட்ட அட்டைகள் வரும். தந்திக்காரருக்கு இது பொருந்துகிற பழக்கம்தான் என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பத்தொன்பது வருஷம் இரைச்சலுக்கு நடுவில் கட்டுக்கட்டென்று வருகிற ஓசையைப் பிரித்தெடுத்து எழுதின காது. வீட்டில் கேட்கும்போதும் காதில் மாட்டுகிற கருவியை மாட்டிக்கொண்டுவிடுவார். வெளியே ஒன்றும் கேட்காது. அப்பா உலகச் செய்தி கேட்கிறார் என்று தர்மாம்பாளும் ஸ்யாமளாவும் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள்.

ஸ்யாமளாவின் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் கே.கே. நகரில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போனார். மாடியில் ஓர் அறை, அதிலிருந்து எதிர் மூலைக்கு இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பி. அந்த அறை அவருக்கு மட்டும். கீழே கொல்லையில் ஓர் அடிகுழாய். அது அடிக்கும்போதெல்லாம் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கீச்சிடும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும், கையும் வலிக்காது என்று தர்மாம்பாள் எத்தனையோ தரம் கெஞ்சினாள். எண்ணெய் விட்டால் வாஷர் கெட்டுவிடும் என்று ஹாலாஸ்யம் விடவே இல்லை. எண்பதாம் வருஷம் தர்மாம்பாள் மாரடைப்பில் போகும் வரைக்கும் அந்தக் குழாயை அடித்துத்தான் தண்ணீர் எடுத்தாள்.

எண்பத்துமூன்றில் ஹாலாஸ்யத்துக்குக் கண்ணில் புரை. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆபரேஷன் முடிந்து கண்ணுக்கு மூடி போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். குனியக்கூடாது, தலைக்குத் தண்ணீர் விடக்கூடாது, கண்ணாடி கொடுக்க நாற்பது நாள் ஆகும். மற்றொரு கண்ணும் புரைதான், வெளிச்சம் தெரியுமே தவிர ஆள் தெரியாது. பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு ஸ்யாமளா ஒத்தக்கடையிலிருந்து வந்து தங்கினாள். அப்பாவுக்குச் சாதத்தைப் பிசைந்து கையில் கொடுத்தாள். பேப்பர் படித்துக் காட்டினாள். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அப்பா தனக்கே தனக்கென்று கிடைத்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

பத்தாம் நாள் காலையில் பக்கத்து வீட்டு அனந்தராமன் ஆட்டோ வைத்து அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் காட்ட அழைத்துப் போனார். அவர்கள் போய் அரை மணி நேரத்தில் வாசலில் மொபெட் சத்தம். மேலமாசி வீதிச் சந்துக்குள் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் முத்திருளன், பின்சீட்டில் போர்வை சுற்றிக் கட்டிய டேப் ரிக்கார்டரோடு வந்திருந்தார். ஐயா ஆபரேஷனுக்குப் போகும் முன் கடையில் கொடுத்தது, இப்போதுதான் சாமான் கிடைத்தது என்றார். மாடிக்கே தூக்கிப்போய் மேஜையில் வைத்து வயரைச் செருகினார். வழக்கமாகக் கடையிலிருந்து ஒரு காலி டேப்பைக் கொண்டுவந்து பதிந்து காட்டிவிட்டு அப்படியே விட்டுப்போவாராம், இன்று அவசரத்தில் எடுக்க மறந்துவிட்டாராம். மெஷினோடு ஐயா கொடுத்திருந்த டேப்பையே மாட்டினார்.

“பயந்துராதீகம்மா. சத்தம் ஒரு மாதிரியாத்தேன் இருக்கும்” என்று சிரித்தார். “மொத மட்டம் எனக்கே வெளங்கல. ஹெட்டு போச்சுன்னு ஹெட்ட மாத்துனேன், பெல்ட்ட மாத்துனேன். எம்புட்டு மாத்தியும் அதே கீச்சு. கூலி கேக்கவே வெக்கமாப் போச்சு. ஐயா வந்து கேட்டுப்புட்டு, முத்திருளா, மெசினு சரியாத்தான் இருக்கு, பாட்டே அதுதாம்ப்பான்னு சொன்னாக.”

ஸ்யாமளா அவர் ஏதோ விளையாட்டுப் பேசுகிறார் என்றுதான் நினைத்தாள். ஸ்பூல் சுற்றியது. தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம் வந்தது. அது ஓயாமல் இழுபட்டுக்கொண்டே இருந்தது. அடியில் ரேடியோவின் இரைச்சல் ஏறி இறங்கியது. நடுவில் அடிகுழாயின் கீச்சு, நிஜத்தைவிட நாலு மடங்கு மெதுவாக, ஏதோ பெரிய மிருகம் அழுகிற மாதிரி. தாளம் கிடையாது, சுருதி என்ற பேச்சே கிடையாது. கச்சேரியில் இதில் நூற்றில் ஒரு பங்கு நடந்திருந்தாலும் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்திருப்பார்.

பிறகு ஒரு பெண் குரல் வந்தது. வார்த்தை இல்லை, வெறும் அகாரம். மேலே ஏறி, உச்சியில் இரண்டாகப் பிளந்து, கரகரவென்று நின்றது. வெட்டுப்பட்டு மறுபடி முதலிலிருந்து ஏறியது. மறுபடி பிளந்தது. பிறகு தலைகீழாக ஓடியது, பிளவிலிருந்து ஆரம்பித்துக் கீழே இறங்கியது.

“இந்தப் பொம்பளச் சத்தம் வாரதுலதேன் ஐயாவுக்கு உசுரு. வெளிநாட்டு ரேடியோவுலயே போட்டாகளாம்ல. காப்பி எடுக்கறதுக்கு எம்மெசினத்தேன் குடுத்தேன். யாரு பாடுனதுன்னு கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டாக” என்றார் முத்திருளன்.

அவளுக்கு ஒரு வாய் காபி கொடுத்து அனுப்பவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவராகவே, அடுத்த மாசம் வாரேன்னு ஐயாட்ட சொல்லுங்க என்று இறங்கிப் போய்விட்டார். டேப் முழுவதும் ஓடி முடியும் வரை ஸ்யாமளா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பதினோரு நிமிஷம். குரல் பதினேழு தரம் வந்தது. தன் குரலைத் தனக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

மேஜைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பூட்டு கிடையாது, பூட்டவேண்டிய அவசியமும் இருந்திருக்காது. உள்ளே நோட்டுப் புத்தகங்கள் வருஷவாரியாக அடுக்கியிருந்தன. அப்பாவின் குண்டு குண்டான தந்திக் கையெழுத்து. எந்த நாள், எத்தனை மணி, எந்த நிலையம், என்ன கேட்டது. அறுபத்தேழில் ஓரிடத்தில் இப்படி எழுதியிருந்தார்: “செட் கெட்டுப்போயிற்று என்று அணைக்கப் போனேன். முடிந்ததும் அறிவிப்பாளர் இது புதுவிதமான சங்கீதம் என்று சொன்னார். நல்லவேளை அணைக்கவில்லை. சபாவில் இவ்வளவு வருஷம் உட்கார்ந்ததற்கு இந்த இருபது நிமிஷம் போதும்.”

சபா நாற்காலியில் பாடகர்களை நடுங்க வைத்துக்கொண்டிருந்த காலத்தில் எழுதியது அது. அவள் பக்கங்களைப் புரட்டினாள். எழுபத்தாறில் அடிகுழாயைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க இருந்தது. நாலு கோணத்தில் மைக் வைத்துப் பதிந்ததாகவும், தர்மா எண்ணெய் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றும் எழுதியிருந்தார். பிறந்தகம் வரும்போதெல்லாம் அம்மாவுக்கு இரவில் தோள் வலிக்குத் தைலம் தேய்த்துவிட்டது ஸ்யாமளாவுக்கு நினைவு வந்தது.

பிறகு எழுபத்தொன்றைத் தேடி எடுத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அதில் இருந்தது. “ஸ்யா. கல்யாணி. மேல் பஞ்சமத்தில் பிசிறு. இப்படி ஒன்றை எந்த நிலையத்திலும் கேட்டதில்லை. ஒரு தரம் கேட்டுப் போதவில்லை, மூன்று தரம் போட்டேன். என்ன பிசிறு!”

குறையைக் காட்டுவதற்காக மூன்று தரம் போட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ரசித்துக் கேட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்தாள். அழுகைகூட வரவில்லை, ஏமாந்துவிட்டோம் என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் மனசில் நிற்கவில்லை. எழுபத்துநாலில் கல்யாணி டேப்பை பிளேடால் வெட்டியதாக எழுதியிருந்தார். பிசிறு விழும் துண்டு பதினேழு கிடைத்ததாம், மீதியைக் குப்பையில் போட்டாராம். அந்தக் குப்பைதான் அவள் பதினோரு வருஷம் விடியற்காலையில் எழுந்து சம்பாதித்த கல்யாணி.

கடைசியாக ஓர் உறை. ஐரோப்பாவில் ஏதோ ஒரு நிலையம் எழுபத்தொன்பதில் எழுதிய கடிதம், உங்கள் ஆக்கத்தை ஒலிபரப்பினோம் என்று. அதனுடன் இவர் நிரப்பி அனுப்பிய படிவத்தின் கார்பன் பிரதி. தந்திக்காரர் எதையும் பிரதி எடுக்காமல் அனுப்பமாட்டார். ஆக்கியவர் என்ற இடத்தில் மதுரை எஸ். ஹாலாஸ்யம் என்று இருந்தது. குரல் யாருடையது என்ற இடத்தில், அடையாளம் தெரியாத பெண் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார்.

அதைப் படித்தபிறகு ஸ்யாமளா செய்தது ஒன்றுதான். டேப்பைப் பின்னால் ஓட்டி முதலுக்குக் கொண்டுவந்தாள். இன்னொரு தரம் தன் குரலைக் கேட்கவேண்டும் போல இருந்தது. கேட்பதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அனந்தராமன் கைப்பிடித்து இறக்கிவிட்டுப் போனார். முத்திருளன் வந்துபோனதாக வாசலிலேயே யாரோ சொல்லியிருக்கவேண்டும். கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு, மாடி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதையும் மீறி, ஹாலாஸ்யம் மேலே வந்தார். மேஜையைத் தடவி மெஷினைத் தொட்டதும் அவர் முகம் மலர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஓடறதாமா? போட்டுக் காட்டினானா?”

“காட்டினார்” என்றாள் ஸ்யாமளா. “கேட்டேன். உங்க நோட்டையும் படிச்சேன்.”

அவர் மெஷினின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, படித்தால் படித்துவிட்டுப் போ, அதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லையே என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அவரவருக்கு ஒரு ருசி என்றார். சபாவில் சொன்னால் பைத்தியம் என்பார்கள், அதனால் சொல்லவில்லை என்றார். அந்த வெட்கம் அவர் குரலில் நிஜமாகவே இருந்தது. வேறு சமயமாக இருந்தால் அவளுக்குப் பாவமாகக்கூட இருந்திருக்கும்.

“உங்க ருசியை நான் கேக்கலைப்பா. பிசிறுன்னு சொல்லி என்னை நிறுத்தினேளே, அதைக் கேக்கறேன்.”

“பிசிறுன்னேன். நன்னாயில்லைன்னு எப்போ சொன்னேன்?”

“சபாவிலே நீங்க பிசிறுன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் வேற அர்த்தமா?”

அவர் மூடிய கண்ணோடு அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். மறைக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. நிதானமாக, தந்தி வாசிக்கிற மாதிரியே சொன்னார்.

“திருச்சிக்குப் போயிருந்தா அவா உன்னை எடுத்துண்டிருப்பா, ஸ்யாமா. எடுத்துண்டு, நாலு வித்வானைவிட்டு அதைச் சரி பண்ணியிருப்பா. சாதகம் பண்ணப் பண்ண அதுவே தேஞ்சு போயிருக்கும். அப்புறம் நூத்திலே ஒரு குரல். அந்தப் பிசிறு போறதுக்கு எனக்கு மனசு வரலை.”

அப்படியானால் தேர்வில் தேறியிருப்போம். அப்பாவுக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. சரியாகிவிடும் என்பதும் தெரிந்திருக்கிறது. அவள் ஆயுசில் அப்பா எதிரில் குரலை உயர்த்தியதில்லை. இப்போது உயர்த்தினாள்.

தேய்ந்து போகட்டும் என்றுதானே நான் விடியலில் எழுந்தேன் என்று கத்தினாள். நூற்றில் ஒன்றாக இருப்பதற்குத்தான் ஆசைப்பட்டேன், அந்த நூறு பேரும் மேடையில் உட்கார்ந்து பாடவில்லையா என்றாள். எனக்குப் பாட வராது என்று அந்நிய மனுஷர்கள் முன்னால் சொன்னேனே, அப்போது கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தீர்களே என்றாள். பெற்ற குழந்தைக்குத் தாலாட்டுப் பாடாதவள் இந்த ஊரில் என்னைத் தவிர யார் இருக்கிறாள் என்று கேட்டாள். கத்திப் பழகாத தொண்டை. மேலே போகப் போக உடைந்தது.

“யாரோ ஒரு வெளிநாட்டான் கேட்டிருக்கான், யார் குரல்னு. எம்பொண்ணுன்னு எழுதறதுக்கு உங்களுக்குக் கை வரலையாப்பா? நான் அடையாளம் தெரியாதவளா?”

அந்தக் கடைசி வார்த்தை உச்சியில் ஏறி இரண்டாகப் பிளந்தது. அதே இடம். அதே கரகரப்பு. அவளுக்கே கேட்டது.

அப்போதுதான் பார்த்தாள். அப்பாவின் வலது கை மேஜைமேல் இருந்தது. பெருவிரல் மெஷினின் ஒரு கட்டையிலும் ஆள்காட்டிவிரல் பக்கத்துக் கட்டையிலும் இருந்தன. பதிவதற்கு அந்த இரண்டையும் சேர்த்து அழுத்தவேண்டும். கண் தெரியாதவர் தடவித் தடவி எப்போதோ அழுத்தியிருக்கிறார். ஸ்பூல் சுற்றிக்கொண்டிருந்தது. மைக் அவள் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அவர் தலையைச் சாய்த்து, மூன்றாவது வரிசையில் நல்ல தம்பூரா கேட்கும்போது உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார். மகள் கதறுவதை அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அந்தப் பிசிறைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்யாமளா வாயை மூடிக்கொண்டாள்.

“ஏன் நிறுத்திட்டே?” என்றார் அவர், மிருதுவாக. “பேசு.”

முத்திருளன் எதைப் போட்டுக் காட்டியிருந்தாலும், போகும்போது எப்போதும் போலக் காலி டேப்பை மாட்டிவைத்திருப்பார் என்ற நினைப்பில் அவர் இருந்தார். மாட்டியிருந்தது எந்த டேப் என்பது இவளுக்குத்தான் தெரியும். தகரமும் குழாயும் போய்விட்டன. பதினேழில் இதற்குள் ஆறோ ஏழோ போயிருக்கும். மேலே புதிதாகப் பதியப் பதிய, அடியில் பத்தொன்பது வயது ஸ்யாமளா ஒவ்வொரு துண்டாக அழிந்துகொண்டிருந்தாள். கல்யாணியில் உலகத்தில் மிச்சமிருந்தது அது. இன்னொரு பிரதி கண்காணாத நாட்டில் யாரோ ஒருத்தி பேரில்லாமல் பாடியதாகக் கிடக்கிறது, அது அவளுடையது ஆகாது. நிறுத்துங்கோ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதியாவது தப்பும்.

அவள் சொல்லவில்லை. அசையாமல் நின்றாள். தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான், அண்டை வீட்டில் யாரோ துணி துவைத்தார்கள். அவர் அதையும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார், மகள் மறுபடி பேசுவாள் என்று காத்துக்கொண்டு. ஐந்து நிமிஷமோ ஆறு நிமிஷமோ இருவரும் அப்படியே இருந்தார்கள். டேப் தீர்ந்து அதன் நுனி கழன்று மெஷினில் படபடவென்று அடித்தது. அவர் தடவி நிறுத்தினார்.

“நன்னா வந்திருக்கும்” என்றார். “முத்திருளன் எந்த டேப்பைப் போட்டிருக்கான், புதுசா?”

“உங்க டேப்புதாம்பா. போட்டுக் கேளுங்கோ” என்றாள் ஸ்யாமளா. சொல்லிவிட்டு, உலை வைக்கக் கீழே இறங்கிப் போனாள்.